ஜோடி இல்லாத பலகை

ஜனவரி 16, திங்கள். இன்று நான்காம் பலகையில் பழுது என்று சிவப்பு அட்டை மாட்டிவிட்டேன். வரைபடத்தைப் பார்க்காமல் மாட்டியது தப்பு. பலகை மோசமா, நான் மோசமா, தெரியவில்லை.

இவ்வளவுதான் கோர்டுலா தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். மாலை வகுப்புக்கு ஆசிரியர் வந்துவிட்டார். விமான இறக்கைகளைப் பற்றிய பாடத்தில் அன்று ஒரு வரிகூட அவள் மண்டையில் ஏறவில்லை.

ஐந்து வருடம் அவள், பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளை அழுத்திச் செய்யும் அழுத்துகூடத்தில் வேலை பார்த்தவள். ரீட் வட்டாரத்தில் அது பெரிய விஷயமில்லை. பாதித் தெரு அங்கேதான் வேலை பார்க்கிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், அதே கார்பன் இழைத் துணியையும் பசையையும் வைத்து விமான உறுப்புகள் செய்யும் கூடத்துக்கு அவள் மாறியதுதான் பேச்சானது. மூன்று மாதச் சோதனைக் காலம் வெள்ளியன்று முடிகிறது. தேறாவிட்டால் மறுபடி அழுத்துகூடம்.

செவ்வாய் காலை அவள் உள்ளே நுழைந்ததுமே, சோதனை மேடையில் நின்ற ஃபெர்டல் ஆரம்பித்துவிட்டான்.

"வாம்மா மகாராணி! பிளேன் என்ன ரெண்டு கால்ல நின்னு சறுக்குதா, ஜோடி பார்க்குறதுக்கு? நாளைக்கு ரெண்டு குச்சியும் குடுத்து அனுப்புவியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

நடந்தது இதுதான். விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் முதுகில் வரிசையாக எழுந்து நிற்குமே தடுப்புப் பலகைகள், அவற்றில் மூன்றாவதும் நான்காவதும் அவள் மேசையில் இருந்தன. ஒரே நீளம், ஒரே அகலம். கை பழகிய வேலையை யோசிக்காமல் செய்தது. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்கீயை அப்படித்தான் ஜோடி சேர்ப்பார்கள்; இடைவெளி இரு முனையிலும் ஒத்துப்போக வேண்டும். இவை ஒத்துப்போகவில்லை. நான்காவது கூடுதலாக வளைந்திருந்தது. சிவப்பு அட்டையை மாட்டிவிட்டாள்.

"சிரிச்சது போதும்" என்றாள் மேற்பார்வையாளர் ஸீக்லிண்ட. "சிவப்பு விழுந்துடுச்சு. பாரம் ஏத்திப் பார்க்காம வெளிய போகாது. மாட்டு ஃபெர்டல்."

இறக்கையைப் போலச் செய்த இரும்புச் சட்டத்தில் பலகையை நடுவில் பிடித்துப் பொருத்தினார்கள். அதன் இரு முனைகளும் தாழ்ந்து, சட்டத்தை அழுத்திக்கொண்டு கிடந்தன. பனியில் வைத்த ஸ்கீ மாதிரியே. மேலே ரப்பர் உறிஞ்சிகள் வரிசையாக வந்து ஒட்டின. ஃபெர்டல் விசையைத் திருப்பினான். மேலே பறக்கும்போது காற்று இழுப்பதைப் போல அவை பலகையை இழுக்கத் தொடங்கின.

கோர்டுலா குனிந்து விளிம்போடு கண்ணை வைத்தாள். ஒரு காரின் எடைக்கு இழுவை ஏறியது. விரல் தடிமன்கூட இல்லாத பலகை முனகவில்லை. முனைகள் மெல்ல, ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று எழுந்தன. வளைவு கரைந்துகொண்டே வந்து, விளிம்பு முழுவதும் இறக்கையின் கோட்டில் வந்து நின்றது. பிளவே இல்லை.

அவளுக்குத் தான் எந்த முடிவை வேண்டி நின்றோம் என்பதே மறந்துபோயிற்று. நடுவில் மேல்நோக்கி வளைந்த ஸ்கீயை, ஏறி நிற்கும் ஆள் மிதித்து நேராக்குவார். இதைக் காற்று தூக்கி நேராக்குகிறது. மூன்றாம் இடத்துக் காற்று வேறு, நான்காம் இடத்துக் காற்று வேறு. அதனால்தான் வளைவும் வேறு. யாரும் கண்ணால் பார்த்திராத காற்றின் உருவத்தை யாரோ அளந்து, கார்பன் துணியில் வார்த்து வைத்திருக்கிறார்கள். அதை அவள் நேற்று கையில் வைத்திருந்தாள்.

"பலகை சரி. அட்டை தப்பு" என்றாள் ஸீக்லிண்ட.

"அப்ப நான் அங்கயே போயிடட்டுமா?"

"எங்க?"

"அழுத்துகூடத்துக்கு."

"எதுக்கு சிவப்பு போட்ட? வளைஞ்சிருக்குன்னா?"

"இல்லைங்க. வளைஞ்சிருக்கறது தப்பாவே தோணல. ஜோடி சேரலன்னுதான் போட்டேன்."

ஸீக்லிண்ட கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "புதுசா வர்றவங்க அத்தனை பேரும் வளைவைப் பார்த்துதான் பதறுவாங்க. நேராக்கித் தரட்டுமான்னு கேட்டவனே உண்டு. உனக்கு அது பழகின சங்கதி. வரைபடம் பார்க்காதது உன் தப்புதான், அதை எழுதியாச்சு. இன்னொரு தடவை நடந்தா நானே உன்னை முற்றத்தைத் தாண்டி விட்டுட்டு வருவேன். இப்ப இங்கயே இரு."

"தப்புப் பண்ணினவங்கதான் ஷிஃப்டுக்கே க்ராப்ஃபன் பன் வாங்கணும்" என்றான் ஃபெர்டல். "ஜாம் நிறைய வச்சதா பார்த்து வாங்கு. ஜோடி ஜோடியா வாங்கிடாத, நாங்க ஏழு பேரு."

அவளால் உடனே சிரிக்க முடியவில்லை. உறிஞ்சிகள் விட்டதும் பலகை மறுபடி தன் வளைவுக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 17, செவ்வாய். இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாளை: ஐந்தாம் பலகையின் வரைபடத்தை முதலில் வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு பலகை வார்க்கும் அச்சைத் துடைத்து, பசை ஒட்டாமலிருக்க மெழுகு பூசி, காய வைக்க வேண்டும்.