ஆறாவது கரண்டி

ஸம்றா பசிக்கிறது என்று சொன்ன செய்தி கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து சம்மாந்துறைக்குப் போன வேகத்தைவிட, அவளுடைய மாமா அப்துல் ஸமட் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய புரியாணித் தட்டான சஹனோடு வார்ட்டுக்கு வந்த வேகம் அதிகம்.

ஸம்றாவின் உம்மா ஹுஸ்னியா தம்பியைக் கண்டு எழுந்தாள். மகள் ஏழு மாதமாக நோன்பு பிடித்தாள். றமழானுக்குப் பிறகு ஆறு நோன்பு, பிறகு திங்களும் வியாழனும், கடைசியில் எல்லா நாளும். "என்ட புள்ள ஸாலிஹான புள்ள, அல்லாஹ்வுக்குப் பயந்த புள்ள" என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தவள் ஹுஸ்னியா. நோன்பு திறக்கும்போதும் ஒரு பேரீத்தம்பழத்தோடு மகள் எழுந்துவிடுவதை அவள் கவனிக்கவில்லை. உடம்பு பருத்துவிடும் என்ற பயத்தில்தான் அத்தனை நோன்பும் என்பது, மூன்று நாளுக்கு முன் ரியூசன் வகுப்பில் ஸம்றா மயங்கி விழுந்த பிறகே விளங்கியது.

"டொக்டர் குடுக்கச் சொன்ன நாலு கரண்டிக் கஞ்சி என்னத்துக்குக் காணும் ராத்தா? வயிறு நெறயத் திங்கட்டும்!" என்றான் ஸமட் அக்காவிடம்.

தாதி கலாராணி குறுக்கே வந்தாள். "நானா, பட்டினி கிடந்த உடம்பு இது. திடீரெண்டு சோறு போனா ரத்தத்தில இருக்கிற பொஸ்பேற்று, பொட்டாசியமெல்லாம் இறங்கிரும். இதயம் நிண்டாலும் நிண்டிரும். நீங்க வயல் செய்யிற ஆள்தானே, காஞ்ச வயலுக்கு வாய்க்கால் கதவ ஒரேயடியாத் திறப்பீங்களா?"

"வரம்போட போயிருமே மிஸ்ஸி!"

"அப்ப சஹனத் தூக்குங்க."

வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பியறியாத ஹுஸ்னியா, சஹனைத் தானே எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த நாலு கரண்டிக் கஞ்சிக்கே பொஸ்பேற்று விழுந்திருந்தது. சேலைனில் மருந்து ஏறியது. கஞ்சியை ஒரு கரண்டியும் கூட்ட வேண்டாம் என்றார் டொக்டர்.

பசிக்கிறது என்றவளுக்குப் பழைய பயம் திரும்பியிருந்தது; அந்த நாலையும் விழுங்க வைப்பதே போராட்டமாக இருந்தது. "வேணா உம்மா, வயிறு ஊதுற மாதிரி இரிக்கி" என்று ஸம்றா சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"திறக்காம உட்டா அது நோன்பில்ல மகள். வாயத் திற."

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், மூன்று நாள்.

மயங்கி விழுந்து ஆறாம் நாள் காலையில் கலாராணி பரிசோதனைக் கடதாசியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏறிட்டு! எல்லாம் ஏறிட்டு! இனிக் கொஞ்சம் கூட்டலாமாம்!"

ஹுஸ்னியா நாலாவது கரண்டியை ஊட்டிவிட்டு மகளைப் பார்த்தாள். வற்புறுத்தவில்லை.

"இன்னும் ரெண்டு தாங்க உம்மா."

எதிர்க் கட்டில் இராசாத்தி கை தட்டினாள். "அடி புள்ள, என்ட பங்கையும் சேத்துக் குடி!"

ஐந்தாவதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள் ஸம்றா. ஆறாவதுக்குக் கரண்டியை உம்மாவின் கையிலிருந்து வாங்கி, தானே அள்ளினாள்.