வளையத்தில் போட்ட முடிச்சு

கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் முருகவேலை இப்போதெல்லாம் யாரும் "மிலிட்டரி" என்று சொல்வதில்லை. "கொடியக் கீழ போட்டாரே, அவரு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். பட்டாளத்தில் பாராசூட் படையிலிருந்து ஓய்வு பெற்று, விழாக்களில் வானத்திலிருந்து குதித்துக் காட்டும் ஒரு குழுவில் சேர்ந்தவர் அவர். போன வருடம் வெளியூர் விழா ஒன்றில் இடுப்பில் கட்டிக் குதித்த தேசியக் கொடி நடுவானில் காலில் சுற்றிக்கொண்டது. முறைப்படி, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் கைப்பிடியை இழுத்துக் கொடியைக் கழற்றி விட்டார். கொடி போய் ஒரு சேற்று வயலில் விழுந்தது. மனுஷன் உயிர் பிழைத்தானே என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. சேற்றில் கிடந்த கொடியை எவனோ வீடியோ எடுக்க, அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த உள்ளூர்க்காரர் இருசப்பன்கூட, "பாத்துங்க, இலையையும் பறக்க வுட்டுடாதீங்க" என்றார். பந்தியே சிரித்தது. முருகவேலும் சிரித்து வைத்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அதனால்தான், குடியரசு தினத்துக்குத் திருவண்ணாமலை மைதானத்திலேயே கொடியோடு குதிக்க வேண்டும் என்று முடிவானபோது அவருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது. குதிப்பதில் பயமில்லை. மறுபடி கொடி விழுந்தால் சொந்த ஜனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்.

குழுவில் பாதுகாப்புக்குப் பொறுப்பு கீதாஞ்சலி. வேலூர்ப் பெண். வயதில் முருகவேலின் பாதிதான் இருப்பாள், ஆனால் அவள் சரி என்று சொல்லாமல் யாரும் ஹெலிகாப்டரில் ஏற முடியாது. கொடி கட்டுகிற விஷயத்தில் படு கறார். கொடியின் மேல்முனை, குதிப்பவரின் இடுப்புப் பட்டையில் ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். காற்றில் சுருளாமல் தொங்குவதற்காகக் கீழ்முனையில் ஒரு மணல் பை. எங்கேயாவது சிக்கினால் சிவப்புக் கைப்பிடியை இழுக்க வேண்டியது, வளையம் திறந்து கொடி தனியாகப் போய்விடும். சிக்காமல் இறங்கினால், கீழே நிற்பவர்கள் கொடியை மண்ணில் படாமல் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று காலை கீதாஞ்சலி கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். வளையம் டக்கென்று திறந்தது. மறுபடி மாட்டினாள். "சரியா இருக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

முருகவேல் கூடாரத்துக்குப் பின்னால் போனார். பையிலிருந்த நைலான் கயிற்றை எடுத்து, வளையத்தைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, தெரியாதபடி மேலே துணி மடிப்பை இழுத்துவிட்டார். பட்டாளத்தில் இதே காரியத்தைச் செய்த ஒருவனை அவரே அறைந்திருக்கிறார். அறைந்த கைதான் இப்போது முடிச்சுப் போட்டது. இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குதித்ததும் கொடி விரிந்ததும் குறையில்லாமல் நடந்தன. கூட்டத்தின் சத்தம் வானத்திலேயே கேட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கொடியைப் பிடிக்க நின்றவர்களில் ஒருவன் தருமன், அவர் மனைவி ஆதிலட்சுமியின் தம்பி. பஞ்சர் கடை வைத்திருப்பவன். எங்க மாமா கொடியை நான்தான் பிடிப்பேன் என்று கடையைச் சாத்திவிட்டு ஒத்திகைக்கெல்லாம் வந்திருந்தான்.

தரையை நெருங்கும்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து பாராசூட்டைத் திருப்பியது. அதற்குள் தருமன் ஓடிவந்து கொடியின் அடியைப் பிடித்துவிட்டான். பாராசூட் அவரை இழுக்க, கொடி அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. முருகவேல் கைப்பிடியை இழுத்தார். கழலவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். முடிச்சு அவர் போட்டபடியே உறுதியாக இருந்தது. தடுப்புக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் தருமன் தோளோடு மோதுவதை மேலேயிருந்து பார்த்தார். அப்போதும் அவன் மற்ற கையால் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். கூட நின்றவர்கள் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டார்கள். முருகவேல் கொஞ்சம் தள்ளி விழுந்து உருண்டார்.

கொடி மண்ணில் படவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்லாரும் தருமனிடம் ஓட, முருகவேல் பாராசூட் துணிக்குள் குனிந்து, இடுப்பிலிருந்த சிறு கத்தியால் முடிச்சை அறுத்தார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். மச்சான் அடிபட்டுக் கிடக்கிறான், இவருக்குத் தன் குட்டு வெளிப்படக்கூடாது என்பதுதான் முதல் வேலையாக இருந்தது. எவ்வளவு கேவலம் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை.

தருமனுக்குத் தோள் எலும்பு நொறுங்கியிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், கை பழையபடி மேலே தூக்க வருமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும். வராண்டாவில், பந்தியில் கேலி செய்த அதே இருசப்பன் முருகவேலுக்குச் சால்வை போர்த்தினார். மைதானத்தில் போர்த்த நேரமில்லாமல் போய்விட்டதாம். "கொடிய வுடலப்பா நீ. நம்ம ஊரு மானத்த காப்பாத்திட்ட" என்றார்.

கீதாஞ்சலி போன் பேசிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் கழலலன்னு ஆபீஸ்ல கேட்டாங்கண்ணா. வளையம் இப்ப இழுத்தாலும் நல்லாத்தான் தொறக்குது. அப்ப நான் மாட்டினதுதான் தப்பு. நான் சரியா பாக்கலன்னு சொல்லிட்டேன். இனிமே செக்கிங்ல என்னை வுட மாட்டாங்க. அது போவட்டும். தருமண்ணன் வீட்ல இன்னா சொல்றதுன்னுதான் தெரியல. உங்க உசுருக்கே ஆபத்தா போயிருக்கும். மன்னிச்சிடுங்கண்ணா."

கையெடுத்துக் கும்பிட்டாள். முருகவேலுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறந்தால் ஊர் ஆயுசுக்கும் காறித் துப்பும். திறக்காவிட்டால், ஒரு தப்பும் செய்யாத இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்வாள். சால்வையை எடுத்து பெஞ்சில் வைத்தார்.

"நீ பாத்தது சரிதாம்மா" என்று கயிற்றை எடுத்து நீட்டினார். "நீ அந்தப்பக்கம் போனப்புறம் நான்தான் கட்டினேன். கொடி வுழுந்துடக் கூடாதுன்னு."

கீதாஞ்சலி அறுபட்ட நுனியைப் பார்த்தாள். "எப்ப அறுத்தீங்க?"

"எறங்கினதும்."

"அவரு அங்க அடிபட்டுக் கெடக்கறப்பவா?"

முருகவேல் தலையை மட்டும் ஆட்டினார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் திட்டவில்லை.

"ஆபீசுக்கு நீங்களே போன் பண்ணிடுங்க. அதுக்கு முன்ன உள்ள போயி அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். காலையிலிருந்து வாய் நிறையக் கூப்பிட்ட 'அண்ணா' அதில் இல்லை. இருசப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பெஞ்சிலிருந்த சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வார்டில் தருமன், பக்கத்துக் கட்டில்காரருக்குப் போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா. பாருங்க, ஒரு நூல்கூட மண்ணுல படல" என்று சிரித்தான். சிரித்ததில் தோள் அசைந்து முகம் கோணியது.

முருகவேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். கயிறு, முடிச்சு, கத்தி, எதையும் மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தருமன் போனை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்தான். பிறகு, கோபமாகக்கூட இல்லை, தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவனைப்போலச் சொன்னான்.

"இழுத்துக்கினு போறப்ப கைய வுட்டுடலாம்னுதான் மாமா பாத்தேன். ஒத்திகையில அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல, ஆபத்துன்னா மேல இருக்கறவரு கழட்டி வுட்டுடுவாருன்னு. மாமா கழட்டல, அப்ப ஆபத்து இல்லன்னு நெனச்சித்தான் புடிச்சிக்கினே இருந்தேன்."

முருகவேல் அவன் கையைப் பிடிக்கப் போனார். கட்டுப் போடாமலிருந்த அந்த ஒரு கையையும் தருமன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.