ஒரு நிமிஷ ஜெபம்

அகதிகளுக்கு உதவ வந்தவர்கள் படுப்பதற்காக அகதிகளை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினோம். எங்கள் சபையில் வருஷா வருஷம் நடக்கும் கூத்து இது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் நாலு குடும்பம் தங்கியிருந்தது. பெரிய சபை ஒன்றிலிருந்து ஊழியப் பயணமாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றதும், போதகரான என் வீட்டுக்காரர் நாலு குடும்பத்தையும் எங்கள் வீட்டு முன்னறைக்கு மாற்றினார். பாய், தலையணையெல்லாம் சுமந்தது நான்தான்.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அதை மறைக்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரே நீல டீ-ஷர்ட். முதுகில் 'சேவிக்கவே வந்தோம்' என்று எழுத்து. சேவிப்பதற்கு வேலை வேண்டுமே! போன வருஷம் வந்த கூட்டம் பெயின்ட் அடித்த சுவரையே என் வீட்டுக்காரர் மறுபடியும் காட்டினார். அடித்தார்கள். சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். படத்தில் அகதிப் பிள்ளைகள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தினார்கள். உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யக் கூடாது என்று சமையலறைப் பாத்திரங்களிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை தையல்காரிக்கு விசாரணை. ஹாலில் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி. துணி தைத்துக் கொடுத்து மகளை வளர்க்கிறாள். புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு முகாமில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மகள் அப்பாவைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். குடியேற்ற அலுவலகத்தில் இவள் நேரில் போய்ப் பேசினால்தான் அவனை வரவிடுவதா என்று முடிவு செய்வார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த தேதிக்கு ஒரு வருஷமாவது காத்துக்கிடக்க வேண்டும்.

எட்டு மணிக்கு முன்பே அவள் மகளோடு வேன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். என் வீட்டுக்காரர் சாவியோடு வந்தார், வழித்துணைக்கு நானும் வந்தேன். அப்போது அந்தக் கூட்டத்தின் தலைவர் ஓடிவந்தார்.

"பாஸ்டர், சிஸ்டருக்காக ஒரு நிமிஷம் ஜெபிச்சு அனுப்பிடலாமே!"

ஜெபம் வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு இந்த ஜென்மத்தில் வாய் வராது. சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். போதகர் பெண்டாட்டி அந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் வரும்வரை முதலில் காத்திருந்தோம். பிறகு வட்டமாக நின்று கைகோத்தோம். வட்ட ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முடித்ததும் பக்கத்திலிருப்பவர் கையை அழுத்துவார், அடுத்து அவர் ஜெபிப்பார். நடுவில் வெட்டக் கூடாது, கண் திறக்கக் கூடாது. முதல் ஆள் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பித்தான். அவன் குடியேற்ற அலுவலகத்துக்கு வந்து சேரவே வெகுநேரமாகிவிட்டது. அடுத்த பெண், வழியிலுள்ள சிக்னல் எல்லாம் பச்சையாக இருக்கவேண்டும் என்று உருகினாள். சிக்னல் வரைக்கும் வண்டி போனால்தானே தாயே!

முடிக்கச் சொல்லி நான் "ஆமென்!" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஜெபித்துக்கொண்டிருந்த தம்பிக்கு அது உற்சாகமாகிவிட்டது. குரலை உயர்த்தி மறுபடி முதலிலிருந்து பிடித்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, நேரமாகுதுக்கா," என்றாள் தையல்காரி.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், இறுக்க மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வேனைக் கிளப்பினேன்.

அங்கே நடந்ததை அவர் பிறகு சொன்னார். அப்போது ஜெபித்தவன் கதறிய கதறலில் வேன் சத்தம் யாருக்கும் கேட்கவில்லையாம். கடைசியில் கண்ணைத் திறந்த ஒரு பெண், வேனையும் காணோம், எங்களையும் காணோம் என்றதும், "இரகசிய வருகை வந்துருச்சு! நம்மளை விட்டுட்டாங்க!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். கர்த்தர் தம்முடையவர்களை மட்டும் சட்டென்று மேலே எடுத்துக்கொள்ளும் நாள் என்று நினைத்துவிட்டாள். பாஸ்டரும் மிஞ்சி நிற்பதைப் பார்த்துத்தான் இன்னும் அதிகமாக அழுதாளாம்.

நாங்கள் அலுவலகத்துக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது.

"இப்பத்தாம்மா மூடினேன். இனி புதுசா எழுதிப்போட்டுத்தான் தேதி வாங்கணும்," என்றார் காவலாளி. கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். அவர் என்ன செய்வார் பாவம். தையல்காரி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "அப்பா உள்ளயா இருக்காரு?" என்று கேட்டாள்.

நாங்கள் திரும்பி வந்ததும் பன்னிரண்டு பேரும் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் கேமராவோடு தயாராக நின்றாள்.

"சொல்லுங்க சிஸ்டர்! கர்த்தர் கதவைத் திறந்தாரா?" என்றார் தலைவர்.

"திறந்துதாங்க வச்சிருந்தாரு," என்றாள் தையல்காரி. "ஒன்பது மணி வரைக்கும் திறந்துதான் இருந்துச்சாம். நாங்கதான் இங்க நின்னுக்கிட்டிருந்தோம்."

கேமரா கீழே இறங்கியது. பிறகு தலைவர், "இதுக்காக நாம ஒரு நிமிஷம் ஜெபிப்போம்," என்று இரண்டு பக்கமும் கையை நீட்டினார். ஒருபக்கக் கையை ஒரு பையன் பிடித்துக்கொண்டான். இன்னொரு பக்கம் நின்றது என் வீட்டுக்காரர். அவர் பிடிக்கவில்லை.