முதல் கியர்

அக்கா தன் சைக்கிளை என் கடைக்குள் உருட்டிக்கொண்டு வந்ததும், அதன் பின்சக்கரத்தைப் பார்த்து எனக்குக் குமட்டியது. நடுவிலிருக்கும் ஹப்பைச் சுற்றித் தலைமுடியும் நூலும் மண்ணும் எண்ணெயோடு குழைந்து, இன்னொரு தோல் மாதிரி அப்பியிருந்தது. எதையெல்லாம் மிதித்து வந்ததோ, நாற்றம் வேறு. சைக்கிள் கடை வைத்து எனக்குத் தலை நரைக்கவே தொடங்கிவிட்டது, இந்தக் கருமம் மட்டும் இன்னும் பழகவில்லை.

"வாரத்துக்கு ஒரு தடவ துடைச்சா என்ன, மகராசி?" என்றேன்.

"துடைக்கிற கை இந்த லட்சணத்துல இருக்கே." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். இரண்டிலும் கட்டு. மோவாயில் தையல் வேறு.

"மறுபடியும் விழுந்தியா?"

"முந்தாநாள். அதே ஏத்தத்துல."

அக்காவுக்கு மேட்டு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஐம்பதை நெருங்கும்போது கிடைத்த முதல் சம்பள வேலை அது. அதற்கு முன் அத்தானின் கடிகார ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, அவர் கழற்றித் தரும் பின்மூடிகளைத் துடைத்துத் துடைத்தே இளமையைக் கழித்தாள். சம்பளமா? கட்டின பெண்டாட்டிக்கு எதற்குச் சம்பளம்! இப்போது விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். முதல் பஸ் வருவதற்குள் அங்கே வேலை ஆரம்பித்துவிடும். ஆகவே இந்தப் பழைய வண்டிதான் கதி. மூன்று கியரும் பின் ஹப்புக்குள்ளேயே அடங்கிய வண்டி. முதல் கியரில் போட்டால் அந்த மேட்டைக்கூடக் கிழவி மாதிரி முனகாமல் ஏறிவிடும். இதுவரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கொஞ்ச காலமாக முதல் கியரில் மிதித்தால் பெடல் திடீரென்று காற்றில் சுற்றுகிறதாம். சில சமயம் பிடிக்கும், சில சமயம் விட்டுவிடும். நம்பி எழுந்து நின்று மிதித்தால் ஆள் தரையில். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் லேட்.

"திங்கட்கிழமையும் லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்னு சூப்பர்வைசரம்மா சொல்லிட்டாங்க," என்றாள் அக்கா. "நீதான் ஏதாவது பண்ணணும்."

"முதல் தடவ விழுந்தப்பவே ஏன் கொண்டு வரல?"

"அவர்தான், வண்டிக்கு வயசாயிருச்சு, சும்மா தங்கச்சிய தொல்லை பண்ணாதன்னாரு. பாவம், ரெண்டு தடவையும் அவரே மருந்து போட்டுக் கட்டிவிட்டாரு. எனக்குத் தலைகூட வாரிவிட்டாருடி. வேலைய விட்டுடேன், ஒடம்புதான் முக்கியம்னு கெஞ்சுறாரு."

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று எங்கள் குடும்பத்தில் அத்தானுக்குப் பெயர். எனக்கும் அதில் அப்போது சந்தேகமில்லை.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டாவது கியரில் போட்டுப் பெடலைச் சுற்றினேன். சத்தமே இல்லை. இந்த வகை ஹப் இரண்டிலும் மூன்றிலும் டிக் டிக்கென்று பேசிக்கொண்டே ஓட வேண்டும். முதல் கியரின் நாக்குகள் சும்மா இருக்கும்போது பல்லில் தட்டிப் போகும் சத்தம் அது.

"இது எப்போலருந்து ஊமையாச்சு?"

"கொஞ்ச நாளா. சத்தம் போனா நல்லதுதானேன்னாரு அவரு."

நாள் முழுக்க டிக் டிக்கிலேயே பிழைக்கிற மனிதர், ஒரு சத்தம் நின்றால் நல்லது என்றாரா? எனக்கு அப்போதே எங்கோ இடித்தது.

சக்கரத்தைக் கழற்றி ஹப்பைச் சுரண்டினேன். அழுக்கு ஒரு மூடி மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில், ஹப்பை மூடும் வளையத்தின் திருகு மறையெல்லாம் பளபளவென்று இருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்த தடம் தெரியாமலிருக்க, வழித்து வைத்த அழுக்கையே திரும்ப எடுத்துப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பிசுக்கைக் கையில் பத்திரப்படுத்தி வைத்த மனதை நினைத்தேன். சீ!

வளையத்தைத் தட்டிக் கழற்றி உள்பாகத்தை வெளியே இழுத்தேன். பழைய ஹப்பைத் திறந்தால் கஞ்சி மாதிரி கறுப்பு வழியும் என்று தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. பல்சக்கரம் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி மின்னியது. மெல்லிய, வாசனையே இல்லாத எண்ணெய் அளவாக விட்டிருந்தது. வெளியே இருந்த நாற்றத்தைவிட உள்ளே இருந்த இந்தச் சுத்தம்தான் எனக்கு அசிங்கமாகப் பட்டது. அப்படி எண்ணெய் விடுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான்.

நகக்கண் அளவில் இரண்டு இரும்பு நாக்குகள். அவை பல்லைப் பிடித்தால்தான் முதல் கியர் வேலை செய்யும். அவற்றைத் தூக்கி நிறுத்துவது கண்ணிமை முடி மாதிரி இரண்டு ஸ்பிரிங்குகள். மற்ற கியர்களின் நாக்குகளுக்கு ஸ்பிரிங் இருந்தது. இந்த இரண்டுக்கும் இல்லை. உடைந்த துண்டுகூட இல்லை. நாக்குகள் தலை தொங்கிக் கிடந்தன.

நாக்குகளைத் தாங்கும் இரும்புக் கூட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு குட்டிப் பிறை. பக்கத்தில் மாதமும் வருடமும்.

கடிகாரம் திறப்பவர்கள் மூடுவதற்கு முன்னால் பின்மூடியின் உள்பக்கம் தங்கள் குறியைக் கீறிவிட்டுத்தான் மூடுவார்கள், அடுத்து திறப்பவருக்குத் தெரியட்டும் என்று. அத்தானின் குறி இந்தப் பிறைதான்; அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருக்கிறது. திருட்டுத்தனம் பண்ணப் போன இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்!

அக்காவுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட அவள் விடவில்லை. கட்டுப் போட்ட கையாலேயே அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஆயிரம் பின்மூடிகளில் அந்தப் பிறையைத் துடைத்தவள் அவள்.

"நான் வேலைக்குச் சேர்ந்த மாசம்," என்றாள்.

எனக்கு வாய் அடங்கவில்லை. "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கான் பாரு! கட்டுப் போட்டானாம், தலை வாரினானாம்! தூ!"

"மரியாதையா பேசு," என்றாள் அக்கா. பழக்கம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வந்துவிட்டார், அக்காவைக் கூட்டிப்போக, கையில் குடையோடு. "என்னம்மா, நான் சொன்னேன்ல, இனி அது ஆகாத வண்டி," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா கூட்டை அவரிடம் நீட்டினாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீ விழணும்னு நெனப்பேனா? பெடல் வழுக்கும், லேட்டாகும், அவங்களே நிறுத்திடுவாங்கன்னுதான்... நீ இல்லாம கடை வெறிச்சுன்னு இருக்கு. மூடி துடைக்கக்கூட ஆளில்ல."

"மொத தடவ விழுந்தப்ப நீங்கதானே கட்டுப் போட்டீங்க?"

"ஆமா."

"போட்டுட்டு, அப்பறமும் இப்படியே விட்டு வச்சீங்க."

அத்தான் குடையின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். என் கை ஸ்பேனரைப் பிடித்திருந்தது. நல்லவேளை, அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"ஸ்பிரிங் எங்க?" என்றாள்.

"அது... எங்கேயோ..."

"நீங்க ஒரு ஸ்பிரிங்கையும் தூக்கிப் போட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா? போய் எடுத்துட்டு வாங்க."

போனார். அடுத்த தெருதான். திரும்பி வந்தபோது கையில் ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி. இரண்டு ஸ்பிரிங்கும் எண்ணெயில், துரு ஏறாமல், பத்திரமாக. இந்தப் பழைய ஹப்புக்கு வேறெங்கும் ஸ்பிரிங் கிடைக்காது. அதனால் குப்பியைத் தட்டிவிடாமல் கையை நீட்டினேன்.

"நானே போட்டுக்குறேன், குடுங்க," என்றேன்.

"கழட்டினவரே போடட்டும்," என்றாள் அக்கா.

உட்கார்ந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டார். என்னை மிகவும் அருவருக்க வைத்தது அவருடைய கைதான். கொஞ்சமாவது நடுங்கும் என்று பார்த்தேன். நடுங்கவே இல்லை. இடுக்கியால் எடுத்து, இரண்டு நாக்கிலும் அழகாக உட்கார வைத்துவிட்டார். முடிந்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் ஊசியை எடுத்தது. பிறைக்குப் பக்கத்தில் வைத்துக் கீறவும் போய்விட்டது.

அக்கா அந்த ஊசியைப் பிடுங்கினாள். "இது உங்ககிட்ட வந்த கடியாரமில்ல. என் வண்டி."

நான் எல்லாவற்றையும் கோர்த்து மூடி, கேபிளைச் சரிபண்ணினேன். சுற்றிவிட்டதும் டிக் டிக்கென்று பேசியது.

"பாத்தியா, பழைய மாதிரியே ஆயிருச்சு. வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் அத்தான். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை.

அக்கா என்னிடம் கையை நீட்டினாள். "உன் வீட்டுச் சாவி குடு." என் வீடு மேட்டில், ஆஸ்பத்திரிக்குக் கீழேதான். கொடுத்தேன். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பின்மூடியெல்லாம் இனிமே நீங்களே துடைச்சுக்குங்க."

தெருவில் அந்த டிக் டிக் போய்க்கொண்டே இருந்தது. அத்தான் வாசலில் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடியில், ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில், சத்தம் சட்டென்று நின்றது.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நின்னுடுச்சா?" என்றார்.

"இல்ல. ஏறுறா," என்றேன். "முதல் கியர் சத்தம் போடாது."