கிழக்கு கேலரியின் கைநாட்டு

விளையாட்டரங்கத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் இடையில் ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. கான்கிரீட்டை உடைத்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை. அரங்கத்தில் எந்த மூலையில் தளம் போட்டாலும், அதே கலவையில் கொஞ்சம் அள்ளி ஆறு இரும்பு அச்சுகளில் நிரப்புவார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, தேதியையும் இடத்தையும் சிவப்பு பெயிண்டால் எழுதி, அந்தச் சதுரக் கட்டிகளை அங்கே அனுப்பிவைப்பார்கள். ஒரு சாணுக்கும் குறைந்த உயரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் எட்டு கிலோ கனக்கும். அவை தொட்டித் தண்ணீரில் ஊறும். ஏழாம் நாள் மூன்றையும் இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கட்டி நொறுங்கும் நேரத்தில் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் அந்தத் தளத்தின் யோக்கியதை.

நசுக்குகிறவளை எல்லோரும் கட்டியக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவள். தினமும் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடுவாள். "இறைவா, உள்ளது உள்ளபடி தெரியட்டும்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பிரார்த்தனை தெரியாது.

கான்கிரீட் மேஸ்திரிக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அச்சில் கலவையை நிரப்பி மேலே மழமழவென்று தேய்த்த பிறகு, ஓரத்தில் வலது கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவார். எப்போதோ சுத்தியல் பட்டு அந்த விரலின் நகம் நடுவில் பிளந்திருந்தது. பள்ளத்திலும் அந்தப் பிளவு கோடாக விழும். "என்ன மேஸ்திரி, கைநாட்டா?" என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். "படிச்சவங்க கையெழுத்துப் போடுறாங்க. எனக்கு இதுதான் வரும்" என்பார். மேலே ஏறுகிறவர்கள் பத்திரமாகக் கீழே இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அழுத்துகிறார் என்று அவர் மனைவி ஒருமுறை கட்டியக்காவிடம் சொல்லியிருந்தாள்.

கிழக்கு கேலரிக்குத் தளம் போட்டது எட்டு மாதத்துக்கு முன்பு. லாரியிலிருந்து கலவை இறங்கியதுமே மேஸ்திரி முகம் சுருங்கியது. கம்பெனி மேனேஜரிடம் போய், இதில் சிமெண்ட்டைக் காணோமே என்றார். உலகம் பூராவும் தேதி சொல்லியாகிவிட்டது, பேசாமல் கொட்டு என்று பதில் வந்தது. கொட்டினார்கள். ஆனால் கட்டிக்கு எடுக்கும்போது மேஸ்திரி நல்ல கலவையைத் தேடிப் போகவில்லை. கொட்டியதிலிருந்தே அள்ளி, ஆறிலும் விரலைப் பதித்து அனுப்பினார்.

ஏழாம் நாள் கட்டியக்கா மூன்றை நசுக்கினாள். இருபதைத் தாண்ட வேண்டிய முள் பத்தில் படுத்துக்கொண்டது. தாளில் எழுதி ஆய்வுக்கூட அதிகாரியின் மேசையில் வைத்தாள். மறுநாள் கோப்பில் அந்தத் தாள் இல்லை. இரண்டு நாள் கழித்து கம்பெனி வேன் ஒன்று வேறு ஆறு கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியது. தேதி அதுதான், இடமும் அதுதான். விரல் மட்டும் இல்லை.

அவள் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல தமாஷ் பேர்வழி. "மெஷினுக்குக் கட்டி வேணுமா, கட்டைவிரல் வேணுமா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு வேனில் வந்தவற்றில் மூன்றை அன்றைக்கும், மீதி மூன்றை இருபத்தெட்டாம் நாளும் நசுக்கினாள். முள் முப்பதைத் தாண்டி நின்றது. அதையே எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். எழுதிய எண்ணில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அன்று முதல் பிரார்த்தனை மட்டும் வாயில் வரவில்லை.

மேஸ்திரி அனுப்பியதில் மிச்சம் மூன்று இருந்தது. தூக்கிப் போடச் சொன்னார்கள். பின்பக்கம் உடைசல் குவியல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவளுக்குப் போட மனம் வரவில்லை. குழாயடியில் மூன்றையும் சேர்த்துவைத்து, அதன்மேல் குடிதண்ணீர்ப் பானையை வைத்தாள். அதற்குப் பிறகு எட்டு மாதமாக அங்கே வேலை செய்த எல்லோரும் அந்தப் பானைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அரங்கத்தில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டி தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலை பத்து மணிக்குக் கிழக்கு கேலரியில் ஒரு வரிசைப் படி அப்படியே பெயர்ந்து விழுந்தது. கீழே நாற்காலிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டருக்கு இரண்டு காலும் முறிந்தன.

ஊர் ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டுதான் இருந்தது. அரங்கத்துக்குச் செலவு என்று சொல்லி அரசு மருத்துவமனையின் புதுக் கட்டடத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். நோயாளிகள் நடைபாதையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். போட்டிக் குழுவின் பெரிய மனிதர்கள் வீட்டில் மட்டும் மாடிக்கு மேல் மாடி ஏறியது. படி விழுந்த மறுநாள் ஆயிரம் பேர் வாசலுக்கு வந்தார்கள். அதற்கும் மறுநாள் தெரு கொள்ளவில்லை.

போட்டிக் குழு அவசரமாக ஓர் அறிக்கை விட்டது. மேஸ்திரி ஒருவர் அளவு தெரியாமல் தண்ணீரைச் சேர்த்துவிட்டதாகவும், பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருப்பதாகவும் அதில் இருந்தது. சாயங்காலமே மேஸ்திரியைக் காவலில் வைத்தார்கள்.

அடுத்த நாள் அவர் மனைவி கட்டியக்காவைத் தேடி வந்தாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"அக்கா, அவரு அப்படிப் பண்ணியிருப்பாருன்னு நீங்க நம்புறீங்களா?"

கட்டியக்கா அவளை நிழலில் உட்காரவைத்தாள். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். குழாயடிக்குப் போய்ப் பானையைச் சாய்த்து ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லிப் போனாள். மேஸ்திரி குற்றமற்றவர் என்பதற்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பானைக்கு அடியில் இருந்தது. அதை வெளியே எடுத்தால், பொய்க் கட்டிக்குக் கையெழுத்துப் போட்டவள் யார் என்பதும் கூடவே வெளியே வரும். அன்று முழுக்கக் கட்டியக்காவால் அந்த டம்ளரைக் கழுவ முடியவில்லை.

விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த அம்மாள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்று காலை அதிகாரி போன் செய்தார். பன்னிரண்டு மணிக்கு லாரி வரும், பின்பக்கம் இருக்கும் உடைசலையெல்லாம் வாரி ஏற்றிவிட வேண்டும், ஒரு துண்டு கூடக் கண்ணில் படக்கூடாது என்றார். அன்று அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை.

லாரி வருவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. பதினொரு மணி இருக்கும். பின்பக்கக் கேட்டு சரிந்து விழுந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பொய்ச் சான்றிதழ் கொடுத்த இடம் இதுதான் என்று யாரோ கத்த, கையில் அகப்பட்டதை எடுத்து ஆளாளுக்கு எறியத் தொடங்கினார்கள்.

கட்டியக்கா ஜன்னலோரம் நின்று பார்த்தாள். முன்னால் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் பை. அவருடைய அம்மா மருத்துவமனை நடைபாதையில் ஒன்பது நாள் கிடந்து இறந்துபோனது அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது அவள் கண்டது சிவந்துபோன ஒரு முகத்தை மட்டும்தான். எறிவதற்குக் கனமான எதையோ தேடிய அந்த மனிதர் பானையைப் பார்த்தார், அதன் அடியில் இருந்த கட்டிகளையும் பார்த்தார். உடனே குனிந்து, இரண்டு கையாலும் பானையைப் பிடித்து, சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் சுவரோரம் இறக்கி வைத்தார். மூடியையும் சரிசெய்தார். பிறகு ஒரு கட்டியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தார்.

கண்ணாடி சிதறியது. கட்டி உள்ளே வந்து இரும்பு மேசை விளிம்பில் இடித்து, இரண்டாகப் பிளந்து பொடியாக உதிர்ந்தது. கட்டியக்கா அந்தப் பொடியைப் பார்த்தாள். மறுபடியும் பானையைப் பார்த்தாள். இவ்வளவு கோபத்திலும் குடிக்கிற தண்ணீரைக் கொட்ட மனம் வராத ஒருவர் வெளியே நிற்கிறார், அவரிடம் தைரியமாகப் பேசலாம் என்று தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அவர் கையில் அப்போது இரண்டாவது கட்டி இருந்தது.

"அண்ணே, அதை எறியாதீங்க. அதுல ஒருத்தரோட விரல் இருக்கு."

"என்னம்மா, கல்லுக்குக் காவலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"காவல் இருக்க வேண்டியவதான். இருக்கல" என்றாள் அவள். "ஓரத்துல தடவிப் பாருங்கண்ணே."

கண்டக்டர் தடவினார். பள்ளமும் பிளந்த நகத்தின் கோடும் விரலில் தட்டின. பாசியைத் துடைத்ததும் சிவப்பு எழுத்துத் தெரிந்தது. கிழக்கு கேலரி, தேதி. அவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாள் காணாமல் போனதையும் வேன் வந்ததையும் சொன்னாள், தான் சிரித்ததையும் மறைக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "எட்டு மாசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி மேல ஒரு தப்பும் இல்ல" என்று முடித்தாள்.

எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து அவள் தோளில் பட்டது. இவளையும் பிடித்து உள்ளே போடு என்று ஒருவர் சொன்னார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கண்டக்டர் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து, இது யாருடையது, ஒற்றைக் காலோடு வீட்டுக்குப் போகப் போகிறீர்களா என்று கேட்டார். யாரும் முன்வரவில்லை. அதைச் சுவரோரம், பானையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, "இப்பவே உடைச்சுக் காட்டும்மா, நாங்க பார்க்கிறோம்" என்றார்.

"நம்ம பார்த்து என்னண்ணே பிரயோஜனம்? ஏற்கெனவே ஒண்ணை எறிஞ்சு தொலைச்சாச்சு. இருக்கிறது ரெண்டு. நீதிபதியம்மா வந்து அவங்க கண்ணு முன்னாடி உடைக்கணும். மூணு மணி வரைக்கும் பொறுக்கணும்."

கண்டக்டர் உடைந்த ஜன்னலைப் பார்த்தார். தன் கையாலேயே சாட்சியில் ஒன்றைப் பொடியாக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கட்டியக்கா இரண்டு கட்டிகளையும் கழுவித் தொட்டியில் இறக்கினாள். நான்கு பேர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு லாரி வந்தது. யாரும் அதைத் தொடவில்லை, டிரைவரைத் திட்டவும் இல்லை. ஐம்பது பேர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். கண்டக்டர் பானையைச் சாய்த்து ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று மணி வரைக்கும் அந்த வெயிலில் பானை கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை அவளே குழாயில் நிரப்பினாள்.

நீதிபதி அம்மாள் சரியாக மூன்று மணிக்கு வந்தார். ஒல்லியான உருவம், கையில் குடை. கட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உடைக்கச் சொன்னார். கூட்டத்திலிருந்து ஐந்து பேரை உள்ளே அனுமதித்தார்கள். கட்டியக்கா கண்ணை மூடினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பிரார்த்தனை வாயில் வந்தது.

முள் ஏறியது. பன்னிரண்டு. பதின்மூன்று. அங்கேயே நின்றது. இரண்டாவது கட்டி பதின்மூன்றுக்கும் போகவில்லை.

"இத்தனை மாசத்துல நல்ல கான்கிரீட்டா இருந்தா முப்பதைத் தாண்டியிருக்கணும்மா" என்றாள் அவள். நசுக்குவதற்கு முன்பே விரல் பதிந்த முகப்பைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். முப்பதைத் தாண்டியதாகச் சொல்லும் பழைய தாளில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று நீதிபதி கேட்டார். "என்னோடதுதான்" என்றாள். அதை எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தாள். வாசலுக்கு வந்தபோது, போலீஸ் வண்டி வரைக்கும் கண்டக்டர் அவளோடு நடந்தார். ஏறுவதற்குப் படி உயரமாக இருந்ததால் கையைக் கொடுத்தார்.

மேஸ்திரி பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினார். கம்பெனி மேனேஜரையும் ஆய்வுக்கூட அதிகாரியையும் பிடித்தார்கள். போட்டிக் குழுவின் பெரிய மனிதர்களில் இரண்டு பேர் மருத்துவம் பார்க்க வெளிநாட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கட்டியக்காவுக்கு வேலை போனது. வழக்கு இருந்தது. எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழக்கு கேலரியைத் தடுப்பு வைத்து மூடினார்கள்.

தொடக்க விழா நடந்த சாயங்காலம் மேஸ்திரியும் மனைவியும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஒற்றை அறை, ஒரு கட்டில், சின்ன டிவி. மேஸ்திரி இளைத்திருந்தார். டிவியில் ஓடிய விழாவைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"மூணுல ஒண்ணை உடைச்சுட்டாங்களாமே."

"கண்டக்டர் அண்ணன் எறிஞ்சாரு."

"அந்தக் கலவையை நானும் அன்னைக்கே மேனேஜர் மேல எறிஞ்சிருக்கணும்" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு எட்டு மாசமும் தெரியும்ல, அக்கா?"

"தெரியும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் காமிரா அரங்கத்தைச் சுற்றி வந்தது. மூன்று பக்கமும் தலைகள், விளக்குகள், ஆரவாரம். கிழக்குப் பக்கம் மட்டும் வெறும் படிகளாக நீண்டு கிடந்தது. அந்தப் படிகளில் யாரும் ஏறவில்லை, யாரும் விழவும் மாட்டார்கள். கட்டியக்கா மனதுக்குள் கைகூப்பினாள்.

"தண்ணி இருந்தா குடுங்கக்கா" என்றார் மேஸ்திரி.

அவள் எழுந்துபோய்க் கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். பிளந்த நகம் அதன் விளிம்பில் அழுந்தியிருந்தது. அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.