ஐயாவு வளர்த்த புலி

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனைக்கு நடுவே, ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்த பழைய கித்தாத் தோட்டத்தின் மிச்சமாக இரண்டு வீடுகளில் மட்டும்தான் இன்னும் அடுப்பு எரிகிறது. ஒன்று ஐயாவுடையது. மரவள்ளியும் பயத்தங்காயும் போடுகிறார். மற்றது இருளாயியுடையது. அவளுக்கு மாடுகள். மற்றவர்கள் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் இப்போது கொடிகள்தான் குடியிருக்கின்றன, வாடகை கொடுக்காமல்.

ஐயாவு பொய் சொல்கிற ஆளில்லை. நடந்ததை நட்டு, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் வளர்த்துச் சொல்வார். ஒரு வருஷம் விளைந்த மரவள்ளிக் கிழங்கை அவர் இந்த முனையிலிருந்து தோண்டிக்கொண்டு போவதற்குள், அந்த முனையில் ஒரு காட்டுப்பன்றி குடைந்து குடிவந்துவிட்டது. குட்டி போட்டிருந்ததால் காலி பண்ணச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் சிரிக்காமல்தான் சொல்வார். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

காலையில் இருளாயி பால் கறந்து, ஒரு போத்தலை வேலிக் கம்பில் மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பாள். இவர் பயத்தங்காய்ப் பந்தலுக்குள்ளிருந்து பதில் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் அவள் வந்து எட்டிப் பார்ப்பாள். அதோடு சரி. வாரம் ஒருமுறை காய் வியாபாரி சீனி தன் வேனில் வந்து காய்களை ஏற்றிக்கொண்டு போவான். எஞ்சினை நிறுத்தக்கூட மாட்டான்.

அவனை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது உட்கார வைக்கத்தான் புலி வந்தது.

"மாட்டுக் கொட்டகைப் பக்கம் நேத்து ஒன்னு நின்னுச்சுப்பா," என்றார் ஐயாவு. "என்னைப் பாத்துச்சு. நானும் பாத்தேன். வயசாயி கண்ணு சரியாத் தெரியல போல. என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருச்சு."

"கதை விடாதீங்க லா மாமா."

"தடம் இருக்கு. வந்து பாரு."

தடம் இருந்தது. ஈர மண்ணில் தேத்தண்ணிக் கோப்பையின் அடியை அழுத்தி, மேலே நாலு விரல் முட்டியைக் குத்தினால் புலி நடந்துவிடும். சீனி எஞ்சினை நிறுத்தினான். கைப்பேசியில் படம் பிடித்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்னொன்றும் கேட்டான்.

படம் சிப்புட் பாசாரைச் சுற்றி ஈப்போ வரைக்கும் போயிற்று. மோட்டாரில் ஆள்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஐயாவு புலியைக் கொஞ்சம் வளர்த்தார். கடைசியாக வந்தவர்கள் கேட்ட புலிக்கு வால் பந்தலுக்கு இந்தப் பக்கமும், தலை அடுத்த தோட்டத்திலும் இருந்தது. அவருக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்து வெகுகாலம்.

பிறகு எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. ஆள் வரத்து நின்றது. சீனியும் சாலை முனையிலேயே நின்று ஹார்ன் அடித்தான். ஐயாவு காய்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கடைசியில் ஒரு காடி வந்தது. ஓட்டி வந்தது இருளாயியின் மகள் தினேஸ்வரி. தீபாவளிக்கு வந்தால் மத்தியானச் சோற்றோடு ஈப்போவுக்குக் கிளம்பிவிடுகிறவள். அன்றைக்கு முகம் வெளுத்து நின்றாள்.

"அம்மாவ இனி இங்க விட்டு வைக்க முடியாது மாமா. மாடுங்கள ஏத்த லோரி வருது. நான் கையோட கூட்டிட்டுப் போறேன்."

புலி இல்லை என்று சொன்னால் போதும், காடி வந்த வழியே போய்விடும். அந்த மாதிரிப் பேச்சுத்தான் ஐயாவுக்குப் பழக்கமில்லை.

மகள் துணி எடுத்து வைக்க உள்ளே போனதும் கொட்டகைக்குப் போனார். இருளாயி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இருளாயி, அந்தப் புலி வந்து..."

"தெரியும் அண்ணே. அதோட பாதத்துல ஒரு ஒடசல் இருக்கு. உங்க கோப்பை அடியில இருக்கிற அதே ஒடசல்."

"அப்ப மக கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் தடவுவதை நிறுத்தவில்லை. "அவ அப்பா போனதுலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன். எங்கூட வாங்கம்மான்னு ஒரு வார்த்தை வரல. நானாப் போயி நிக்க முடியுமா? இப்ப வழி நெடுக அழுதுகிட்டே ஓட்டிட்டு வந்திருக்கா." குரல் தணிந்தது. "உங்க புலிதான் கூப்புட வச்சுச்சு. அதைக் கொன்னுடாதீங்க அண்ணே."

ஐயாவு வேலிக் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிய புலிதான்," என்றார்.

"பின்ன? வாலு மட்டுமே பந்தல் நீளமாமே."

மாடுகள் லோரியில் போயின. இருளாயி காடியில் போனாள். மறுநாள் காலை ஐயாவு பழக்கதோஷத்தில் பந்தலுக்குள்ளிருந்து பதில் குரல் கொடுத்துவிட்டார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கம்பில் போத்தலும் இல்லை. பாலில்லாமல் தே ஓ கலக்கிக் குடித்தார்.

மழை பெய்து, தடமெல்லாம் கரைந்த பிறகு தினேஸ்வரி போன் பண்ணினாள்.

"மாமா, அந்தப் புலி போயிருச்சுன்னு சிப்புட்ல பேசிக்கிறாங்களாமே. நெசமா?"

ஆமாம் என்றால் இருளாயி திரும்பிவிடுவாள். போனுக்குள்ளே, தூரத்தில், இருளாயி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. பேரப்பிள்ளை போலிருக்கிறது. ஒரு சின்னக் குரல் பதில் கொடுத்தது.

"அது எங்கம்மா போச்சு?" என்றார் ஐயாவு. "இப்ப ஜோடியா வருது. அம்மாவ அனுப்பிடாத."

"அப்ப நீங்க மட்டும் எப்படி மாமா அங்க இருக்கீங்க?"

"எனக்கென்ன, பழகிப்போச்சு. காலையில குரல் குடுக்கிறேன். அதுங்களும் பதில் குரல் குடுக்குதுங்க."