வாசல் தாண்டிப் போன காலடி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஊரே அருவிக்கு ஓட, ஏசுதாசன் மட்டும் பங்களாவுக்குள் அடைந்து கிடந்தான். செங்கோட்டை மரவியாபாரி சுந்தரபாண்டியன் புதிதாகப் படமெடுக்க இறங்கியிருந்தார். பெண்டாட்டியோடு வந்து தங்கச் சொல்லி அவர் மூன்று வேளையும் சாப்பாடு போட்டது குளித்துக் கும்மாளம் போடவா? கதை எழுத. கதையில், பணக்காரப் பங்களா ஒன்றில் ஒரு பெண்ணைப் பயமுறுத்தியே பைத்தியமாக்கப் பார்க்கிறார்கள். பார்க்கிறவன் நெஞ்சு பதற வேண்டும். நேற்று கதை சொன்னபோது முதலாளிக்குக் குறட்டைதான் வந்தது. இன்று சாயங்காலமும் தூக்கம் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஏசுதாசன் தென்காசி நாடக மேடையில் வளர்ந்தவன். கூட்டம் சுக்குக்காப்பிக்கு எழுந்தால் உடனே மேடையில் ஒருவனைக் குத்திச் சாய்க்க வேண்டும். அங்கே அதுதான் பாலபாடம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் காட்சிக்கொரு கத்தி, காட்சிக்கொரு அலறல். நல்ல மனுஷன்தான், மூச்சுவிட மட்டும் யாரையும் விடமாட்டான்.

மனைவி சுகிர்தத்துக்கு வாசித்துக் காட்டினான். "பயமா இருக்கா?"

"பாவமா இருக்கு. அந்தப் பிள்ளைக்குப் பயப்படக்கூட நேரம் குடுக்க மாட்டேங்கியளே."

"சும்மா இருந்தா எப்படிட்டி பயம் வரும்?"

அவள் தயங்கினாள். "நீங்க மெட்ராசுல இருக்கையில, வாறேன்னு சொன்ன அன்னைக்கு வரமாட்டிய. சோத்த மூடி வச்சிட்டு உக்காந்திருப்பேன். தெருவுல செருப்புச் சத்தம் கேக்கும். கிட்ட வரும். நம்ம வாசலத் தாண்டிப் போயிரும். யாரும் கத்தியத் தூக்கிட்டு வரல. ஆனா உசுரு போயிட்டு வரும்."

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதில்லை, அவன் கேட்டிருந்தால்தானே. பேனாவை எடுத்துக் கதையிலிருந்த கொலைகளையெல்லாம் அடித்துவிட்டான். காத்திருக்கிற பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் முதலாளி சாய்வுநாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். ஏசுதாசன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலடிக்கும் நிறுத்தி, அவள் எழுந்து, மறுபடி உட்கார்வதைச் சொன்னான். முதலாளி நிமிர்ந்தார். கையிலிருந்த காப்பி ஆறிப் போனது. கடைசிக் காலடி வாசலில் நின்றது. அவனும் நிறுத்தினான்.

"போதும்," என்று உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சுகிர்தத்தின் குரல் உடைந்து வந்தது. "இதுக்கு மேல அவளக் காக்க வைக்காதிய."

"பொறவு என்னவே ஆச்சு?" என்று முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கொஞ்சம் இரிங்க அண்ணாச்சி," என்று அவரை அப்படியே விட்டுவிட்டு, ஏசுதாசன் உள்ளே அவளிடம் போனான்.